வரப்பில் கிடந்த வேம்பு

வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தையைத் தாண்டி ஒரு மரம் அறுக்கும் மில் இருக்கிறது. அங்கே அன்று வாயைத் திறந்துகொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். வாள் வேப்பந்தடிக்குள் இறங்கியதும் தூள் பறந்து வந்து நாக்கில் ஒட்டிக்கொண்டது. துப்பினேன், தண்ணீர் குடித்தேன், சரசு பையிலிருந்து எடுத்துக் கொடுத்த கடலைமிட்டாயைத் தின்றேன். மத்தியானச் சோறு வரைக்கும் கசந்தது.

தடிக்கு இந்தப் பக்கம் என் மனைவி சரசுவும் அவளுடைய அண்ணன் பழனிச்சாமியும் நின்றார்கள். அந்தப் பக்கம் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ரங்கக்கா, இடுப்பில் கை வைத்தபடி. இரண்டு குடும்பமும் பேச ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மூன்று பேரும் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தடி குறுக்கே இரண்டு துண்டானதும் மில்காரர் மிஷினை நிறுத்தினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“அடித்துண்டு ஆருக்கு, நுனித்துண்டு ஆருக்குங்க?”

அடிமரத்தில்தான் வைரம் அதிகம் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நுனித்துண்டு ஒல்லி, மேலாக உள்ள வெள்ளைக்கட்டை போக மிச்சம் குறைவு. அதுவரை திறந்திருந்த என் வாய் மூடிக்கொண்டது.

அதற்கு என்ன பதில் வந்தது என்று சொல்வதற்கு முன்னால், நான் ஏன் அந்த மில்லுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பின்வாசல்காரன்

நான் பிறந்தது சூரியநெல்லிப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் வரிசை வீடு. எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை பெயிண்ட், எல்லாக் கதவும் கம்பெனிக்குச் சொந்தம். பிறகு ஐ.டி.ஐ. படித்து, அதே எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராகி, குவார்ட்டர்ஸுக்கு மாறினேன். கதவு கொஞ்சம் அகலமானது. அதுவும் பச்சைதான், அதுவும் கம்பெனியுடையதுதான்.

எஸ்டேட்டில் என்னை மயக்கிய கதவு ஒன்று உண்டு. மேனேஜர் பங்களாவின் முன்கதவு. பர்மா தேக்கு என்பார்கள். மழைக்காலத்தில் மலை முழுக்க எல்லாக் கதவும் ஊறிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கும். அந்தக் கதவு மட்டும் ஒரு விரலுக்குத் திறக்கும் என்று பங்களா சமையல்காரர் சொல்வார்.

நான் விரலை வைத்துப் பார்த்ததில்லை. பம்பு ரிப்பேர், வெந்நீர் பாய்லர் ரிப்பேர் என்று எத்தனையோ தடவை அந்தப் பங்களாவுக்குப் போயிருக்கிறேன், எல்லாம் பின்பக்கமாகத்தான். எண்ணெய் பிடித்த பூட்ஸ் போட்டவன் முன்வாசலில் ஏறக்கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே தெரிந்தது. என் குவார்ட்டர்ஸிலும் சரசு துடைத்து வைத்த தரை வீணாகும் என்று அடுப்படிப் பக்கமாகவே நுழைவேன். கால் அப்படியே பழகிவிட்டது.

ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். புதிய மேனேஜர் நல்ல மனிதர். வருகிற ஆடி மழை விடும்வரை இருந்துகொள்ளுங்கள் என்றார். ஆனால் என் இடத்துக்கு வந்த புது ஃபிட்டர், மனைவியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு பேச்சிலர் லைனில் ஒற்றை அறையில் கிடந்தான். “எப்பண்ணே காலி பண்ணுவீங்க?” என்று கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அந்தப் பிள்ளை கேட்கவே இல்லை. வழியில் பார்த்தால், “ராத்திரி பூரா கொழந்தைக்கு இருமல்ணே” என்பான். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

மழை விடுவதற்குள் எங்களுக்கு ஒரு வீடு எழும்பியாக வேண்டும்.

கப்பல்காரர்

சரசுவின் ஊர் வடகரப்பதி. மலைக்காரனுக்கும் சமவெளிக்காரிக்கும் கல்யாணம் நடந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இங்கே வேண்டாம், அவள் படித்தால் மறுபடி திட்டுவாள். அவளுடைய அப்பா போகும் முன்பு தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை அவள் பேருக்கு எழுதிவைத்திருந்தார். அதில் அஸ்திவாரம் போட்டோம்.

அடுத்தது கதவு நிலை. எங்கள் எஸ்டேட்டில் அது நெலை. சரசு வீட்டில் நெலவு. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து வந்த மலையாள மேஸ்திரிக்குக் கட்டிள. பெயர் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். நல்ல நாள் பார்த்து, நவதானியம் போட்டு, மஞ்சள் துணி கட்டித் தலைவாசல் நிலையை நிறுத்தினால்தான் சுவர் மேலே போகும். அதுவரை செங்கல் அடுக்கிய இடத்திலேயே இருக்கும்.

கோயமுத்தூர் மர டிப்போவுக்குப் போனேன். பர்மா தேக்கின் விலையைக் கேட்டேன். கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன், விலை மாறவில்லை. சரி, பர்மா இல்லாவிட்டாலும் கடல் தாண்டி வந்ததாகவாவது இருக்கட்டும் என்று மலேசியா மரத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். “தை பொறந்ததும் வந்துருமுங்க” என்றார் டிப்போக்காரர்.

தை பிறந்தது. எங்கேயோ கடலில் ஏதோ தகராறு, கப்பல்கள் சுற்றிக்கொண்டு வருகின்றன என்றார்கள். மாசியில் கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது. பங்குனியில் அது வேறு கப்பல் என்று தெரிந்தது.

“எங்க கையில ஒண்ணுமில்லீங்க சார். வரும்போது வரும். வந்தாலும் இந்த வெலைக்கு வருமான்னு சொல்ல முடியாது” என்றார் டிப்போக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரும்தான் காத்திருந்தார்.

மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் சூரியநெல்லிக்கும் வடகரப்பதிக்குமாக பஸ்ஸில் அலைந்தேன். ஊரில் என் பெயர் போய், ‘கப்பல்காரர்’ ஆனேன். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்த்துக்கொண்டிருப்பவர்கூடத் திரும்பி, “கப்பலு எங்கீங்க வருது?” என்று கேட்பார். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கவிழ்ந்தால் சரி, வராவிட்டால் கையை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் தோட்டத்து வரப்பில் கிடந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, போனில் கப்பல் போகும் வழியைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. கடலில் சின்னச் சின்னப் புள்ளிகள். எதில் என் நிலை இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சும்மா பார்ப்பேன்.

ஒருநாள் சரசு டீ கொண்டுவந்தாள். நான் டிப்போக்காரரிடம் போனில் மன்றாடிக்கொண்டிருந்தேன். பேசி முடிக்கும்வரை நின்றாள்.

“ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“கேளு.”

“இப்ப நீங்க உக்காந்திருக்கறது என்னதுங்க?”

எழுந்து பார்த்தேன். வேம்பு. என் இரண்டு கை சேர்த்தாலும் அணைக்க முடியாத வேம்பு. பட்டை உரிந்து, வெயிலில் காய்ந்து, விரலால் தட்டினால் ணங் என்கிற வேம்பு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையைக் கேட்டிருக்கிறேன். அதன்மேல் உட்கார்ந்துகொண்டே அலைந்தவன் நான்.

சாய்ஞ்சா உங்க மரம்

அந்த மரம் ஏன் அங்கே சும்மா கிடந்தது? அது சும்மா கிடக்கவில்லை. சண்டையில் கிடந்தது.

பழனிச்சாமியின் தோட்டத்துக்கும் ரங்கக்காவின் தோட்டத்துக்கும் நடுவே உள்ள வரப்பில் நின்ற மரம் அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷத்து ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்து, ரங்கக்காவின் மோட்டார் ரூம் கூரையைப் பிளந்துவிட்டது. மரத்தை எடுத்து, கூரையையும் சரிசெய்து கொடுங்கள் என்று ரங்கக்கா கேட்டிருக்கிறார். “அது உங்க மரந்தானுங்கக்கா” என்று பழனிச்சாமி சொல்லிவிட்டார். சொன்ன வாய்தான், அதற்கு முந்தின வருஷம் வேப்பங்கொட்டை பொறுக்க வந்த ரங்கக்காவின் ஆட்களை “எங்க மரம்” என்று விரட்டியது.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு பேருமே மரத்தைத் தொடவில்லை, தொடவும் விடவில்லை. தொட்டால் சொந்தம் என்று ஆகிவிடும், கூரைக்கும் பதில் சொல்ல வேண்டும். விட்டால் தோற்றதாக ஆகிவிடும். இந்தப் பக்கத்து டிராக்டரும் அந்தப் பக்கத்து டிராக்டரும் அதைச் சுற்றிக்கொண்டு உழுதன. மரம் நடுவில் கிடந்து பக்குவமாகக் காய்ந்தது.

ஆசாரியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். மேலாக இருந்த வெள்ளைக்கட்டையை மட்டும் கொஞ்சம் பூச்சி தின்றிருந்தது. உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது. “பச்சை வேம்பா இருந்தா முறுக்கிக்குமுங்க. இது நல்லாக் காஞ்சு கெடக்குது. அறுத்துக் கொஞ்ச நாள் நெழல்ல வெச்சாப் போதும்” என்றார். இவர்கள் ஒற்றுமையாக இருந்திருந்தால் அந்த மரம் அந்த ஆடியிலேயே விறகாகியிருக்கும். அந்தச் சண்டைக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பழனிச்சாமியிடம் கேட்டேன். “எடுத்துக்கங்க மாப்ளை, நம்ம மரந்தானுங்க” என்றார் தாராளமாக.

ரங்கக்காவிடம் போனேன். வீட்டுக்காரர் இறந்தபிறகு தனியாளாகத் தோட்டத்தை ஓட்டுகிறவர். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அந்த வேம்பு எனக்கு நெலைக்கு வேணும்க்கா. மழை விடுறதுக்குள்ள குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். எனக்கு வேற போக்கு இல்ல.”

“கப்பலு என்னாச்சுங் தம்பி?”

“வரலக்கா.”

அவர் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

“உங்க மேல எனக்கொண்ணும் இல்லீங்க. உங்க மச்சான் என்ன சொன்னாரு? காய்க்கறப்ப எங்க மரம், சாய்ஞ்சா உங்க மரம். இப்ப நெலவுக்கு ஆகுமுன்னதும் மறுக்கா எங்க மரமுங்களா? அவரு அந்த மரத்துக்கிட்ட வந்து நின்னு, பாதி உங்களுதுன்னு எங்கிட்டச் சொல்லோணும். சொன்னா எடுத்துக்கங்க.”

பொறந்தவளுக்குச் சீர்

பழனிச்சாமி கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டினார். “நா எதுக்குங்க சொல்லோணும்? பணங் கேளுங்க, தாரேன். வேற மரம் வாங்கிக்கலாம்.”

அவர் தரக்கூடியவர்தான். ஆனால் வேம்பானாலும் பலாவானாலும், நல்லதாகக் காய்ந்த தடி அப்போது அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் கப்பல் வரவில்லை அல்லவா? ஜன்னலுக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து கொஞ்சம் பலாப்பலகை கிடைத்திருந்தது; அதன் மஞ்சள் தூள் பட்ட சட்டை இன்றுவரை மஞ்சளாகத்தான் இருக்கிறது. தலைவாசல் நிலைக்கு ஆகும் கனத்தில் எங்கேயும் இல்லை.

மச்சானிடம் மாப்பிள்ளை எவ்வளவுதான் பேச முடியும்? பேசியது சரசு.

“அண்ணா, பொறந்தவ ஊடு கட்டினா நீ சீரு கொண்டாரோணுமா வேண்டாமா?”

“அதுக்கென்ன கண்ணு? சீலை, பாத்திரம், பெரிய வெளக்கு, அத்தனையும் கொண்டாரேன்.”

“ஒண்ணும் வேண்டாம். அந்தக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. அதுதா எனக்குச் சீரு. சொல்லாட்டி எங்கூட்டுக்கு நீ வெளக்கும் கொண்டார வேண்டாம்.”

மறுநாள் காலை பழனிச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வரப்பில் நடந்து போனார். நாங்கள் பின்னால் போனோம். ரங்கக்கா அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். மரத்துக்கு இரு பக்கமும் இருவரும் நின்றார்கள். பழனிச்சாமி மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

“அக்கா, இதுல பாதி உங்களுதுங்க. கொட்டையிலயும் பாதி உங்களுதுதான். மோட்டார் ரூம் கூரைக்கு ஷீட்டு நா போட்டுத்தாரேன்.”

ரங்கக்கா, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். பழனிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் மரம் கிடைத்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குத்தான் என்னவோ கிடைத்த மாதிரி இருந்தது.

அடித்துண்டு

இப்படித்தான் அந்தத் தடி மில்லுக்கு வந்தது. பாதிக்குப் பாதி என்று பேச்சு. எந்தப் பாதி என்று நாங்கள் பேசவே இல்லை. மில்காரர் கேட்டபோதுதான் அது எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

பழனிச்சாமி தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று சரசு அவருடைய கையைப் பிடித்தாள். அறுத்த இடத்தில் வேம்பு செக்கச்செவேலென்று இருந்தது. நுனித்துண்டை எடுத்துக்கொண்டால் தலைவாசலுக்குத் தேறாது, இன்னொரு தடி தேட வேண்டும், மழை வந்துவிடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. பாதி தந்தவரிடம் நல்ல பாதியையும் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது?

ரங்கக்கா அடித்துண்டின் பக்கம் போனார். கையை அதன்மேல் வைத்தார். பிறகு மில்காரரிடம் சொன்னார்.

“இத கப்பல்காரருக்கு அறுத்துப்போடுங்க. நுனி எனக்குப் போதும். மாட்டுச்சாளைக்குக் கதவு போட்டுக்கறேன்.”

“அக்கா, அடிமரம் உங்களுக்கு வேணாமா?” என்று கேட்டேன்.

“எங்கூடு வேருவுட்டு எத்தனையோ காலமாச்சுங் தம்பி. நீங்க இப்பத்தான ஊனறீங்க. அடி உங்களுக்குத்தா வேணும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூள் விழுந்துவிட்டது என்று சொன்னேன். மிஷின் நின்று வெகுநேரமாகியிருந்தது.

ஆசாரி நிலைக்கால்களின் அடிப்பக்கத்தில் செங்காவியால் குறி போட்டார். மரம் எப்படி நின்றதோ அப்படியே நிலையும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் மேலே போய்விட்டால் வீடு தலைகீழாகிவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. வேம்பு அம்மன் மரம், காலால் மிதிக்கும் கீழ்ப்படிக்கு ஆகாது என்று பழனிச்சாமி ஒற்றைக்காலில் நின்றார்; படிக்கு மட்டும் பலா போட்டோம். வைகாசியில் நிலை நின்றது. நவதானியத்தில் முதல் கைப்பிடியை ரங்கக்கா போட வேண்டும் என்று சரசு சொன்னாள். “நா எதுக்குங்க, சுமங்கலியாப் பாத்துக் கூப்புடு” என்று அவர் பின்வாங்கினார். சரசு விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துவந்து போட வைத்தாள். கூட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழனிச்சாமி அப்படி ஒரு முறைப்பு முறைத்துக்கொண்டு நின்றார்.

சுவர் எழுந்தது. நடுவில் டிப்போக்காரர் கூப்பிட்டார். கப்பல் வந்துவிட்டதாம். கொடுத்த முன்பணத்துக்கு, அதே வேம்பில் செய்த கதவுக்குத் தாழ்ப்பாளும் கீலும் வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது அந்த மரத்துக்காகக் காத்திருப்பார்கள், அவர்களுக்குப் போகட்டும்.

மழை விடுவதற்கு முன்பே குவார்ட்டர்ஸ் சாவியைப் புது ஃபிட்டரின் கையிலேயே கொடுத்தேன். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். முன்வாசல் வழியாகத்தான் போனாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முன்பக்கம்

குடிபுகுந்த மறுநாள் வேலந்தாவளத்துக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். நல்ல வெயில். பையோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய், செருப்பைக் கழற்றக் குனிந்தேன்.

வரப்பிலிருந்து ரங்கக்காவின் குரல் கேட்டது.

“ஏனுங் கப்பல்காரரே! எங்கீங்க போறீங்க? நெலவு முன்னாலதானுங்க வெச்சிருக்குது!”

வெட்கமாகப் போய்விட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி முன்னால் வந்தேன். கதவு சாத்தியிருந்தது. ஒரு விரலை வைத்துத் தள்ளினேன். திறந்தது.